விரியாத கை

மரக்காணம் உப்பளத்தில் காலை வெயில் பாத்திக்குப் பாத்தி கண்ணைக் கூசவைக்கிறது. சுனாமித் தண்ணீர் அடித்துப்போன வரப்புகளைத் திரும்பப் போட்டு, இந்தக் கோடையில்தான் மறுபடி உப்பு விளைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக வேலை கேட்டு வந்திருக்கும் அந்தோணியம்மாள் பாத்திக்குள் இறங்கி நிற்கிறாள். சுனாமிக்குப் பிறகு தங்கக் கொடுத்த தார் ஷீட் குடிசையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைக்கும்போது நைலக்ஸ் புடவையில் தீப்பிடித்ததில் அவளுடைய வலது கை விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிப்போயிருக்கின்றன. கழுத்துத் தோலும் இழுத்துக்கொண்டதால் தலையை நிமிர்த்த முடியவில்லை. உப்பு வாரும் பலகையின் கழியை அக்குளில் இடுக்கி, இடது கையால் இழுக்கிறாள். பலகை நகர்கிறது, உப்பு அப்படியே கிடக்கிறது. உப்புத்தண்ணீர் தெறித்து, வெடித்த தோலுக்குள் இறங்க, பல்லைக் கடித்துக்கொள்கிறாள். பக்கத்துப் பாத்திப் பெண்கள் பார்க்காதவர்கள்போல் வாரிக்கொண்டிருக்கிறார்கள்.

மேஸ்திரி சிங்காரம் வரப்பில் வந்து நிற்கிறார். "போதும்மா, மேல வா. ஆவாது."

"பழகிடும்ங்க. ரெண்டு நாள் பாருங்க."

"உம் பொண்ணு ஜெனிட்டாவ அனுப்பேன். அவளுக்கு வேல தர்றேன்."

"அவ இங்க வந்துட்டா சோறு யாருங்க ஆக்குவா? தீக்குச்சி கிழிக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு ஒடம்பு நடுங்குது. அவதான் ஸ்டவ் பத்தவைக்கிறா."

"எந்த ஸ்டவ்வு? அன்னிக்குப் புடவையில பத்திக்கிச்சே, அதுவா?"

அந்தோணியம்மாள் கழியை வரப்பின்மேல் வைக்கிறாள்.

"வூட்ல ஒண்ணுதானேங்க இருக்குது."