கரிக்கு இங்கிலீஷில் என்ன பேர்

இசக்கிராஜா தன் பெண்டாட்டியின் தலைமுடியைப் பிடித்துத் துவைகல்லில் மோதினான். முதல் மோதலிலேயே வாய் கிழிந்தது.

நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று எட்டிப் பார்க்கவில்லை. சுவர் குட்டை, நான் என்ன செய்ய?

உமாராணி நர்ஸ். இங்கிலீஷ் பரீட்சை தேறினால் லண்டனில் வேலை. தேறாவிட்டால் இவன்தான்.

அதற்காக இரண்டு மாதமாகச் சட்டி கழுவும்போதும் படிப்பு. சுற்றுச்சூழல் கேள்வி கட்டாயம் வருமாம். 'பொல்யூஷன்' என்று மொட்டையாகச் சொன்னால் மார்க் இல்லையாம்; 'கன்டாமினேஷன்', 'டீகிரடேஷன்' என்று போக வேண்டுமாம். துறைமுகத்து நிலக்கரி காற்றில் வந்து எங்கள் கொடித் துணியில் கரியாகப் படிகிறதே, அதற்கு அவள் வாயில் 'பர்ட்டிகுலேட் மேட்டர்'. பெயர் வைத்ததால் என் சேலை வெளுத்துவிட்டதா என்ன?

துவைகல்லுக்கு மேலே ஒட்டியிருந்த வார்த்தைத் தாளை அவன் கிழித்தான். கசக்கி அவள் வாயில் திணித்தான்.

"தின்னுளா! லண்டன்ல பேசப் போற வாய்தான, நல்லாத் தின்னு!"

மறுபடி மோதினான். ஒரு பல் சோப்புத் தண்ணீரோடு சாக்கடைப் பக்கம் உருண்டது.

அப்புறம்தான் தெரு கூடியது. மாரிராஜ் அண்ணாச்சி கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்.

எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம். இசக்கி அடிப்பது புதிதல்ல; வாரம் ஒருமுறை உண்டு. ஆனால் முதுகோடு நிறுத்திக்கொள்வான். ஆஸ்பத்திரிக்குப் போகிற முகம், சம்பளம் கொண்டுவருகிற முகம், அதைத் தொட மாட்டான். இன்றைக்கு மட்டும் ஏன் வாயிலேயே குறி?

உமாராணி தாளைத் துப்பினாள். அதை மடியில் வைத்து, ரத்தத்தோடு நீவினாள். 'பொல்யூஷன்' என்று சொல்லிப் பார்த்தாள் போல. உதடு ஒட்டவில்லை.

அவள் அவனைப் பார்க்கவில்லை. மெல்லத் தலையை நிமிர்த்தி, சுவருக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

எழுத்துத் தேர்வெல்லாம் போன வாரமே முடிந்துவிட்டது, நாளைக் காலை மதுரையில் பேச்சுத் தேர்வு ஒன்றுதான் பாக்கி என்பதை, அவனுக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அவள் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.