கால்கட்டு

“உயிரோட இருக்கிற மனுஷனுக்குக் காலைக் கட்டியிருக்கா உன் மன்னி. பெருவிரல்ல வெள்ளைத் துணி. ஜன்னல் வழியா என் கண்ணால பார்த்தேன்.”

பாகீரதி மாமி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். மதராஸ் மெயிலில் வந்து கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கிய சுந்தரேசன், அண்ணா வீட்டுக் கதவைத் தட்டப் போனபோது, பக்கத்து வீட்டு மாமி தன் கூடத்துக்குள் அழைத்துக்கொண்டாள். காக்ஸ் டவுனில் இன்னும் விடியவில்லை. பனி வாசல்படிவரை வந்து நின்றது.

அண்ணா சேஷகிரி பக்கவாதத்தில் விழுந்து பன்னிரண்டு நாள். இடது பக்கம் அசைவில்லை. ஆறு வாரம் எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“சுவர்ல காதை வெச்சுக் கேளு.”

கேட்டான். லேசாக ஓர் அடி. கனமாக ஓர் அடி. மறுபடி லேசாக ஒன்று. பிறகு மௌனம். மீண்டும் அதே மூன்று.

“உன் மன்னி ருக்மிணிக்கு ரெண்டு கால். உங்கண்ணாவால எழுந்திருக்க முடியாது. மூணாவது யாரோடது?”

நாலு நாளாக இதே நேரத்துக்குக் கேட்கிறதாம். அழைத்துப்போக வந்தது, வாசல் தெரியாமல் கூடத்தைச் சுற்றுகிறது என்றாள் மாமி.

சுந்தரேசன் சுவரை விட்டு விலகினான். இன்றைக்கே அண்ணாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு ஓடினான். மாமியும் பின்னாலேயே வந்தாள்.

கதவைத் தள்ளினால், அண்ணா நின்றுகொண்டிருந்தார்.

மன்னியின் தோளை வலது கையால் பற்றியிருந்தார். அவருடைய இடது காலும் அவளுடைய வலது காலும் கணுக்காலில் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. விரல் தரையில் இழுபடாமலிருக்கப் பெருவிரலிலும் ஒரு சுற்று. அவள் காலை எடுத்தால், அந்தக் காலும் கூடவே எழுந்தது.

ராணுவ ஆஸ்பத்திரியில் அடிபட்ட சிப்பாய்களை நடக்கப் பழக்கிய தியோடர், கால் நடையை மறப்பதற்குள் நிற்க வையுங்கள் என்றாராம். கட்டியது தன் யோசனை என்றாள் ருக்மிணி.

“உசிருக்கு ஆபத்து மன்னி. அவுத்து விடுங்கோ. அண்ணா என்னோட வரட்டும்.”

கோணிய வாயால் சேஷகிரிதான் பேசினார்.

“முப்பது வருஷம் முன்னாடி... கால்கட்டுப் போட்டா. அப்ப... அவுக்க வந்தியாடா?”

ருக்மிணி மட்டும் சிரித்தாள். சுந்தரேசன் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தான்.

அவனுக்கு முன்னால் மாமி தரையில் உட்கார்ந்துவிட்டாள். தளர்ந்திருந்த முடிச்சை இரண்டு கையாலும் இறுக்கினாள். நிமிராமலே சொன்னாள்:

“எங்காத்துக்காரரும் எழுந்திருக்கணும்னு தினம் கையை நீட்டுவார். டாக்டர் சொன்னார்னு நான் விடலை. மூணு வருஷம் படுக்கையிலயே வெச்சு அனுப்பினேன். இந்தத் தெருவே என்னை உத்தமின்னு சொல்லித்து.”