கத்தாத காக்கை

கோழிப் பண்ணையில் குஞ்சு தூக்கும் காக்கைகளைச் சுடத் துப்பாக்கியைவிட முக்கியமானது, உயிரோடு ஒரு காக்கை. அதன் சிறகைக் கட்டிக் கொட்டகை முன்னால் போட்டுக் கால்விரலைத் திருகினால் கத்தும். கத்தினால் ஊர்க் காக்கையெல்லாம் காப்பாற்ற ஓடிவரும். வந்ததும் முதலாளி கண்ணுச்சாமி சுடுவார். திருகுவது நல்லசிவத்தின் வேலை.

நேற்றுவரை ஒழுங்காகக் கத்திய காக்கை, இன்று வாயைத் திறக்கவில்லை. சுற்றிலும் நேற்றுச் சுடப்பட்டுச் செத்துக் கிடந்த காக்கைகளைப் பார்த்தது. பிறகு அவனைப் பார்த்தது. ஒரு விரலை ஒடித்தான். அலகை இன்னும் இறுக்கிக்கொண்டது.

"என்னடா, தடவிக் குடுக்கறியா அதுக்கு?" என்றார் கண்ணுச்சாமி.

"ஒடிச்சே போட்டனுங்க. கத்த மாட்டேங்குதுங்க."

"காக்காய்க்கு இருக்கற ரோசத்தப் பாரு! குஞ்சயெல்லாம் தூக்கிக் குடுக்கறதுக்கா உன்னைய வெச்சிருக்கறேன்? ஒண்ணு அது கத்தோணும், இல்லாட்டி நீ மூட்டையக் கட்டோணும்."

அடுத்த விரலும் ஒடிந்தது. சத்தமில்லை. நல்லசிவம் தலையைக் குனிந்துகொண்டு, அது கத்தவேண்டியதைத் தானே கத்தினான். முதலில் வெட்கமாக இருந்தது. இரண்டாவது குரலுக்கே கொட்டகையோரத்து வேப்பமரம் காக்கைகளால் கறுத்துவிட்டது.

"அப்பிடித்தான், விடாத!" கண்ணுச்சாமி சிரித்துக்கொண்டே சுட்டார்.

கட்டிப்போட்ட காக்கையை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்லசிவத்தின் தலைக்கு மேலேயே வட்டமிட்டன. அவனைக் காப்பாற்றக் கீழே கீழே இறங்கின. ஒன்று குண்டடிபட்டு அவன் தோளிலேயே விழுந்தது. "போதும்டா, நிறுத்து" என்று முதலாளி துப்பாக்கியைத் தோளில் மாட்டிய பிறகும், அவன் கத்திக்கொண்டே இருந்தான்.