விரித்துச் சொல்லவும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, கணவனுக்கு எதிரில் மாணவியாக உட்கார்ந்தாள்.

மறுநாள் ஆங்கிலத் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. அவள் தேறினால்தான் குடும்பத்துக்கு விசா. இந்த முறையும் தவறினால் அவன் தனியாக விமானம் ஏறுவான், அவளும் மகளும் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். இதை அவன் ‘இஃப்’ போட்டுத் தெளிவாகவே சொல்லியிருந்தான்.

‘இஃப்’ போட்டால் அவளுக்குப் புரியும். ‘இஃப்’ இல்லாமலே அதே பொருளில் வரும் வாக்கியங்கள்தான் அவளைக் கவிழ்த்தன.

அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வான். அதற்குள் ஒளிந்திருக்கும் நிபந்தனையை அவள் தமிழில் முழுசாக விரித்துச் சொல்ல வேண்டும்.

மேஜை ஓரத்தில் மகள் அம்மாவின் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு. ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

கையில் ஒரு குடை, நனைந்திருக்க மாட்டேன். புத்தகத்தைப் பார்த்துக் கணவன் ஆங்கிலத்தில் வாசித்தான்.

“குடை இருந்திருந்தா...” என்று அவள் இழுத்தாள்.

“நனைஞ்சிருக்க மாட்டேன்” என்று மகள் முடித்தாள்.

“ஒனக்குப் பொறந்ததுன்னு சொன்னா எவன் நம்புவான்” என்றான் அவன். மகள் சிரித்தாள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

ஒரு நிமிடம் முந்தி, ரயிலைப் பிடித்திருப்பேன்.

இதை அவளே சொன்னாள். அடுத்ததையும் சொன்னாள்.

அவன் புத்தகத்தை மூடினான். அவள் தப்பில்லாமல் சொன்னால் அவனுக்குப் பொழுது போகாது. இனி சொந்தச் சரக்கு.

படித்த ஒரு மனைவி, போன வருடமே கிளம்பியிருப்பேன்.

துடைத்த மேஜையை அவள் உள்ளங்கையால் மறுபடி துடைத்தாள்.

“உங்களுக்குப் படிச்ச பொண்டாட்டி வாய்ச்சிருந்தா, போன வருஷமே கெளம்பியிருப்பீங்க.”

“பரவால்லயே. மரமண்டைக்குள்ளயும் எறங்குது.”

அது அவளுக்கு உறைக்கவில்லை. விடை சரி. இப்படி இன்னும் பத்து சொன்னாலும் வாங்கிக்கொள்ளலாம். நாளைக்கு உதவும்.

அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். அவள் முகத்தையே பார்த்தபடி, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

துப்பாத ஒரே ஒரு மாத்திரை, நாம் எப்போதோ அங்கே போய்ச் சேர்ந்திருப்போம்.

இவ்வளவு சீக்கிரம் எந்த ஆங்கில வாக்கியமும் அவளுக்குப் புரிந்ததில்லை.

கல்யாணமான முதல் வருடம். அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. இப்போது குழந்தை வேண்டாம், முதலில் வெளிநாடு, கலைத்துவிடலாம் என்று மாத்திரை வாங்கி வந்தவன் அவன்தான். அவன் கண்முன்னால் அவள் அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுத் துப்பினாள்.

வயிறு தெரிய ஆரம்பித்தபோது, மாத்திரை கேக்கல போல என்றான் அவன். ஆமா போல என்றாள் அவள்.

அதை அவன் நம்பிவிட்டான் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“ம். சொல்லு.”

பென்சில் சீவும் சத்தம் நின்றிருந்தது.

“தெரியலீங்க” என்றாள்.

“தெரியலயா?”

“தெரியல. வேற ஒண்ணு குடுங்க.”

“இதுதான் கேப்பாங்க. இதுகூடத் தெரியாதவளக் கூட்டிட்டுப் போயி நான் அங்க என்ன செய்ய?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மக்காகவே இருந்துவிடலாம். நாளைக்கும், அதற்குப் பிறகும்.

மகளுக்குப் பாவமாக இருந்தது. அம்மா திட்டு வாங்கும்போதெல்லாம் விடையை எடுத்துக் கொடுப்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பில் செய்வதுபோலக் கையை உயர்த்தினாள்.

“நான் சொல்றேம்ப்பா. அம்மா அந்த மாத்திரையத் துப்பாம முழுங்கியிருந்தா, நாம மூணு பேரும் எப்பவோ அங்க போயிருப்போம். கரெக்டாப்பா?”