லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கி

வாகனச் சோதனையில் நின்ற எஸ்.ஐ. மோகனப்ரியா ஏர் கன்னைக் கையில் வாங்கி, குழலை மடக்கிப் பார்த்தார். உள்ளே குண்டு இல்லை.

அது ஒன்றும் ஒளித்து வைத்த சாமான் இல்லை. மீன் லாரியின் முன் கண்ணாடிக்குக் கீழே, சாமி படத்துக்குப் பக்கத்தில், ஊரே பார்க்கும்படி கிடந்தது.

லாரியை ஓட்டிவந்த ஆத்மநாதன் கீழே இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கேபினில், அடுத்த சீட்டில், அருள்தாஸ் உட்கார்ந்திருந்தான். கட்டுமாவடியில் ஐஸ் உடைத்து மீன் பெட்டியில் நிரப்புகிற வேலை அவனுக்கு. மழைக்காலம் முடிந்ததிலிருந்து, வேலை விட்டதும் அவனை ஏற்றிவந்து, அவன் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறக்கிவிடுவது ஆத்மநாதனுக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் தவறியதில்லை.

"எதுக்குங்க இது?" என்றார் எஸ்.ஐ.

எதுக்கு என்று எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். ஆளில்லாத ரோட்டில் ஒருத்தன் கையைக் காட்டுவான். பாவம் என்று பிரேக்கை மிதித்தால், கருவேலங்காட்டுக்குள்ளிருந்து நாலு பேர் அரிவாளோடு வருவார்கள். யாருக்கு நடந்தது, எந்த ஊரில் நடந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் டீக்கடைக்கு டீக்கடை இந்தக் கதை போய்ச் சேர்ந்துவிடும். அப்படி அதைக் கேட்ட ஒரு நாளில்தான் ஆத்மநாதன் திருச்சிக்குப் போய் இதை வாங்கினான்.

"பாதுகாப்புக்குங்க. லைசென்ஸ் இல்லைங்க மேடம்."

கேட்காமலேயே சொன்னான்.

எஸ்.ஐ. போனை எடுத்து யாரிடமோ பேசினார். குழலின் அளவைச் சொன்னார், தலையாட்டினார். வெயில் மண்டையைப் பிளந்தது. லாரியின் பின்னாலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி ஆத்மநாதன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்த அளவு ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமாம். வாங்குன பில்லு இருந்தா கையில வச்சுக்கங்க. கெளம்புங்க."

வேறொருவனாக இருந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் தாவி ஏறியிருப்பான். ஆத்மநாதனுக்கு மனசு விட்டுப்போனது.

போன வாரம் இன்னொரு இடத்தில் நிறுத்தியவர்களும் இதையேதான் சொல்லிச் சிரித்து அனுப்பினார்கள். இந்தப் பாழாய்ப்போன சாமானை யாராவது பிடுங்கிக்கொள்ளக் கூடாதா? நீ செய்தது தப்பு என்று சட்டையைப் பிடித்து ஒருத்தர் கேட்கக் கூடாதா? பின்னால் ஒரு லைட் எரியவில்லை என்றால் ஓடிவந்து அபராதம் போடுகிற சட்டத்துக்கு, இது மட்டும் கண்ணிலேயே படவில்லை.

"அப்ப இது தப்பே இல்லைங்களா மேடம்?"

"வச்சிருக்கிறது தப்பில்ல. யாருகிட்டயாவது காட்டி மிரட்டுனாத்தான் கேஸு."

"மிரட்டியிருக்கேங்க."

எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்தார். "யாரை?"

இந்த இடம் வரைக்கும் பேசுவதற்குத்தான் அவன் பல நாளாக மனசுக்குள் பாடம் பண்ணி வைத்திருந்தான். அடுத்த வார்த்தைக்கு நாக்கு எழவில்லை. கேபின் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று தரையையே பார்த்தான். திரும்பினால் ஜென்மத்துக்கும் சொல்ல முடியாமல் போய்விடும்.

"ஒரு மழ நாளுங்க... சாயங்காலம்..."

அதற்குள் அருள்தாஸ் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடிவந்தான்.

"மேடம், அண்ணன் பேச்ச எடுத்துக்காதீங்க. ஒறக்கம் கெட்டு வண்டி ஓட்டுறாரு, என்னமோ ஒளர்றாரு. இவரு போயி ஒருத்தர மிரட்டுவாராங்க? தெனமும் என்னைய ஏத்திக்கிட்டு வந்து எறக்கிவிடுறாரு. இப்படி ஒரு மனுசனப் பாக்க முடியாதுங்க. நான் கேரண்டிங்க."

கும்பிட்ட கையை அவன் இறக்கவே இல்லை. எஸ்.ஐ.க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லாரும் பாக்குற மாதிரி வைக்காதீங்க. துணியில சுத்தி சீட்டுக்குப் பின்னாடி போடுங்க" என்று துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்.

கொடுத்தது அருள்தாஸின் கையில். அவன் தோளில் கிடந்த துண்டை உதறி, பூப்போல அதைச் சுற்றி எடுத்துக்கொண்டான்.

லாரி கிளம்பியது. இனி எந்தப் போலீஸிடமும் தன்னால் வாயைத் திறக்க முடியாது என்று ஆத்மநாதனுக்குத் தெரிந்துவிட்டது. அருள்தாஸ் மட்டும் பேசிக்கொண்டே வந்தான். ஏண்ணே இப்படி வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள் என்று உரிமையோடு கடிந்துகொண்டான்.

விலக்கு வந்ததும் அருள்தாஸின் பேச்சு நின்றுபோனது. எப்போதும் அப்படித்தான். அங்கே கம்பத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வெயிலில் வெளுத்துக் கிழிந்திருந்தது. பள்ளிக்கூட உடையில் சிரிக்கிற ஷர்லி, அருள்தாஸின் ஒரே மகள். மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டே அவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

"பாம்பு கடிச்ச புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு இந்த எடத்துலதாண்ணே கையக் காட்டுனேன். அந்த மழையில வந்தது ஒரே ஒரு லாரி. கிட்டக்க ஓடுனா, ஏதோ கம்பிய வெளிய நீட்டி வெரட்டிட்டுப் போயிட்டான். லைட்டு கண்ணுல அடிச்சதுல மொகங்கூடத் தெரியல."

ஆத்மநாதன் லாரியை ஓரங்கட்டி நிறுத்தினான்.

துண்டோடு துப்பாக்கியை சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிட்டு அருள்தாஸ் கீழே இறங்கினான். கதவைச் சாத்தும் முன் அண்ணாந்து பார்த்தான்.

"அன்னைக்கு நீங்க வந்திருந்தா நிப்பாட்டியிருப்பீங்கண்ணே."