அமைதிச் சனிக்கிழமை

அவள் வாயில் குச்சி மிட்டாய் இருந்தது. ஆரஞ்சு.

மைதானக் கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலிகளில் இருந்த எல்லா அப்பா அம்மாக்களின் வாயிலும் ஒன்று இருந்தது. வெள்ளைக் குச்சிகள் வெயிலில் துருத்திக்கொண்டிருந்தன.

ஓஹாயோவின் அந்தச் சிற்றூரில் இன்று அமைதிச் சனிக்கிழமை. சிறுமிகளின் கால்பந்து நடக்கும்போது பெற்றோர் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடக் கூடாது. கை தட்டலாம். மீறினால் பிள்ளையின் அணிக்கு எதிராகப் பெனால்டி.

வாசலில் ஒருவர் வாளியோடு நின்று ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்.

வாளிக்குப் பின்னால் ஒரு கல். ‘குழந்தைகளின் விளையாட்டுக்காக, 1956.’

அதற்கு முன்பும் இந்த ஊர்ப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். தெருவில், காலி மனையில். கட்சி பிரித்துக்கொண்டது அவர்கள். தகராறு வந்தால் தீர்த்துக்கொண்டதும் அவர்கள். இருட்டினால் வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு பெரியவர்கள் வந்தார்கள், நல்ல எண்ணத்தோடுதான். கோடு போட்டார்கள். சீருடை, விசில், கோப்பை. ஏ அணி, பி அணி. பத்து வயதுப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார்கள், கழித்துக் கட்டினார்கள். கோட்டோரம் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினார்கள்.

இப்போது வருஷத்துக்கு ஒரு நாள் வாயை மூடிக்கொள்கிறார்களாம். அதற்கும் மிட்டாய் வேண்டியிருக்கிறது.

அவள் அதைச் சப்பவில்லை. கடித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் கதிரேசன். கைப்பேசியில் மகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். என்றோ ஒருநாள் அணிக்கு ஆள் எடுக்கும் ஏதோ ஒரு கல்லூரிக்காரன் பார்ப்பானாம்.

மகள் பூவிழி நீலச் சட்டையில் இருந்தாள். கிரவுண்டில் தன்னிடம் தமிழ் பேசக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள். ‘பாப்பா’ எல்லாம் காருக்குள்ளேதான்.

மூலையிலிருந்து பந்து உயர்ந்து வந்தது. இரண்டு பிள்ளைகள் எம்பினார்கள்.

சிவப்புச் சட்டைக்காரியின் முழங்கை பூவிழியின் நெற்றிப்பொட்டில் இடித்தது.

பூவிழி விழுந்தாள். பந்து மறுகோடிக்குப் பறந்தது. நடுவரும் அதன் பின்னால் ஓடினார். எல்லாக் கழுத்துகளும் அந்தப் பக்கம் திரும்பின.

அவள் பந்தைப் பார்க்கவில்லை.

பூவிழி எழுந்தாள். கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து, மறுபடி கட்டினாள். பிறகு மெதுவாக நடந்துபோய்ச் எதிரணிச் சிவப்புச் சட்டைகளோடு நின்றாள்.

பார்த்தவர்கள் சத்தமில்லாமல் சிரித்தார்கள். குழந்தை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

கோச் தூரத்திலிருந்தே கட்டை விரலை உயர்த்திக் கேட்டார். பூவிழியும் உயர்த்தினாள். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

கதிரேசன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். குச்சியை எடுக்காமலே காதோடு சொன்னான்.

“சும்மா இரு. முடியப் போகுது. ஜெயிச்சா ஏ டீம்.”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பெற்ற பிள்ளையைக் கூப்பிட ஒருவனிடம் அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கல்லின் மீது, வாளியின் மீது, இத்தனை நேரம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தன் வாயின் மீது ஆத்திரம் வந்தது.

மிட்டாயைத் துப்பினாள். கையை உதறிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள்.

விசில்.

நடுவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கோச் இரண்டு கைகளையும் விரித்தார். வாளிக்காரர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

அவள் நிற்கவில்லை.

மகளின் முன்னால் மண்டியிட்டு முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மைதானத்தின் நடுவில், உரக்கக் கேட்டாள்.

“பாப்பா, இன்னைக்கு என்ன கிழமை?”

பூவிழி யோசித்தாள். அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளும் தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

“ஸ்கூலுக்கு லேட் ஆயிடுச்சாம்மா?”

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். பத்து வயது. கனத்தது.

பின்னால் நடுவர் பெனால்டிப் புள்ளியில் பந்தை வைத்துக்கொண்டிருந்தார்.

நாற்காலிகளைக் கடந்து போனாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கை தட்ட அனுமதி உண்டு அல்லவா. தட்டினார்கள்.

கார் அருகே காத்திருந்தாள். கதிரேசன் இரண்டு நாற்காலிகளையும் ஒழுங்காக மடித்து, உறையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

கதவைத் திறந்துவிட்டான். அவள் மகளைப் பின் இருக்கையில் படுக்க வைத்துப் பெல்ட்டைச் சுற்றினாள். பூவிழி கண்ணை மூடப் பார்த்தாள்.

“தூங்காத பாப்பா. இதோ டாக்டர்கிட்ட போயிடலாம்.”

நிமிர்ந்தாள். அவனிடம் கோபம் வேண்டாம் என்றுதான் அந்த நொடியில்கூட நினைத்தாள். அவன் கைப்பேசியில் இருந்தான், கவனித்திருக்க மாட்டான்.

“நீங்க பாக்கல. அந்தப் பொண்ணோட முழங்கை...”

“பாத்தேன்” என்றான் கதிரேசன்.

குச்சி இன்னும் அவன் விரலில் இருந்தது. மிட்டாய் கரைந்துவிட்டிருந்தது.

அவள் கையை நீட்டினாள். சாவி என்றுகூடச் சொல்லவில்லை.

கொடுத்தான். அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். அவன் நாற்காலிகளை டிக்கியில் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு மறுபக்கக் கதவுக்குப் போனான்.

திறக்கவில்லை.

கைப்பிடியை மறுபடி இழுத்தான். குனிந்து ஏதோ சொன்னான்.

கண்ணாடி ஏற்றியிருந்தது.