முக்காடில்லாத முகங்கள்

எழுதிப் பழகாத நான் இதற்குத் துணிந்தமையைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

எருக்கலம்பிட்டியில் ஓர் அறை. யன்னல் சீலையினூடே மாலை வெயில் கணினித் திரையில் விழுகிறது. கல்யாண வீட்டுப் பெண்களை மட்டும் படமெடுக்கும் ஹிதாயா, சுட்டியின் மேல் விரல் உறைந்து அமர்ந்திருக்கிறாள். ஆண்களின் கண் படாது என்று வாக்குக் கொடுத்தே முக்காடில்லாத முகங்களை அவள் எடுக்கிறாள். அதனாலேயே வேறெங்கும் பிரதி வைப்பதில்லை. சற்றுமுன், காணொளிக்குப் பாட்டுத் தேடிய இணையப் பக்கத்தில் சிவப்புப் பெட்டியொன்று குதித்தது: உங்கள் படங்கள் கசிகின்றன, கணினியை உடனே இற்றைப்படுத்துங்கள். கொடுத்த வாக்கு நெஞ்சைச் சுட, அழுத்திவிட்டாள். இப்போது மணமகள் ஸஹ்றாவின் படங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்து வெறும் வெள்ளைக் கட்டங்களாகின்றன. கணினி இரைகிறது. கணினி திருத்தும் பஸ்னா, நடந்ததைக் கேட்டு, தொலைபேசியில் கத்துகிறாள்: “இன்டர்நெட் வயரைக் கழட்டுங்கோ ராத்தா! பாட்டுத் தேடுற பக்கத்திலயா அப்டேட் வரும்? அது கொம்பியூட்டர்ட செட்டிங்ஸுக்குள்ளதான் வரும். கள்ளனே கதவைத் தட்டி, ‘கள்ளன் வாறான், திறங்கோ’ எண்டா திறப்பீங்களா?” ஹிதாயா வயரைப் பிடுங்குகிறாள். “படம் வெளிய போயிருக்குமா பஸ்னா?” “தெரியாது ராத்தா.” வாசலில் செருப்புச் சத்தம், மணமகளின் உம்மா சரீபா சிரித்தபடி எட்டிப் பார்க்கிறார். “படம் றெடியா மகள்? மாப்பிள்ளைக்குக்கூடக் காட்டேல்லதானே?” ஹிதாயா கையிலிருக்கும் வயரைக் கீழே வைக்கிறாள்.

இழந்தவை: மருதோன்றி இட்ட கைகள், குரவையிடும் மாமிமார், மகளுக்குத் தலைவாரும் தாய். இவற்றை இப்போது எவர் பார்க்கிறார் என்பது தெரியவில்லை.